போர்க்கப்பல் படையா, கொள்ளை உரிமமா? பதினான்காம் லூயியின் கடல் கணக்கு

1688 முதல் 1697 வரை நடந்த ஒன்பதாண்டுப் போரில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி கடலில் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தார். பெரிய போர்க்கப்பல்களைத் திரட்டி ஆங்கிலேய, டச்சுப் படைகளோடு நேரடியாக மோதுவது ஒன்று. தன் குடிமக்களுக்கு உரிமம் கொடுத்து எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிக்க விடுவது இன்னொன்று. போரின் பின்பாதியில் இரண்டாவது பக்கம் சாய்ந்தார். அது சரியான முடிவா?

முதல் வழியின் வரவு சுமார்தான். 1690-இல் இங்கிலாந்தின் தென்கரையில் பீச்சி ஹெட் அருகே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தூர்வில் பெரிய வெற்றி பெற்றார். ஆனால் இங்கிலாந்தில் படை இறங்கவில்லை. 1692-இல் அதே தூர்வில், மன்னர் உத்தரவுக்காக, வெறும் 44 கப்பல்களோடு ஏறக்குறைய இரண்டு மடங்கு எதிரிகளை எதிர்கொண்டார். சண்டையில் நன்றாகவே சமாளித்தார். பின்வாங்கும்போதுதான் பிரெஞ்சுக் கரையில் ஷெர்பூரிலும் லா ஊகிலும் 15 கப்பல்கள் எரிந்துபோயின. கப்பல்களை மறுபடி கட்டிவிடலாம், கட்டவும் செய்தார்கள். 1693-94 பஞ்சத்துக்குப் பிறகு அவற்றை நடத்தத்தான் கஜானாவில் காசில்லை.

இரண்டாவது வழிக்கு மன்னர் கைக்காசு அதிகம் போட வேண்டியதில்லை. 1681-ஆம் ஆண்டுக் கடற்சட்டம் விதிகளை ஏற்கெனவே வகுத்திருந்தது. கப்பல் முதலாளி, நாட்டின் கடல் விவகாரங்களுக்குத் தலைமை அதிகாரியான அட்மிரலிடம் உரிமச் சீட்டு வாங்க வேண்டும், 15,000 லீவ்ருக்குப் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) பிணை கொடுக்க வேண்டும். பிடித்த கப்பலை நடுக்கடலிலேயே சூறையாடிவிட முடியாது. துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, காகிதங்களைக் காட்டி, அது எதிரியின் சொத்துதான் என்று தீர்ப்பு வாங்க வேண்டும். அப்புறம்தான் பங்கு: அட்மிரலுக்குப் பத்தில் ஒன்று, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மிச்சத்தில் இரண்டு பங்கு முதலாளிக்கு, ஒரு பங்கு மாலுமிகளுக்கு. சீட்டு இல்லாமல் இதே வேலையைச் செய்தால் அது கடற்கொள்ளை. உரிமக் கப்பல்களுக்குப் பேர்போன பிரெஞ்சுத் துறைமுகங்களான சேன் மாலோ, டன்கிர்க் வணிகர்களுக்கு இது முதலீடு. மன்னரோ சும்மா நின்ற தன் போர்க்கப்பல்களையே அவர்களிடம் விட்டார். சம்பளம், சாப்பாட்டுச் செலவு அவர்கள் பாடு. கோட்டை கட்டுவதில் பேர்போன வோபான் 1695-இல் இந்த வழியை ஆதரித்து அறிக்கையே எழுதினார்.

செலவை மட்டும் பார்த்தால் உரிமம்தான் ஜெயிக்கிறது. சிக்கல் என்னவென்றால், லாபத்துக்குப் போகிறவன் சரக்குக் கப்பலைத் தேடுவான், பீரங்கிக் கப்பலைக் கண்டால் ஒதுங்குவான். அவனிடம் போய் ஒரு கடற்பரப்பைக் காத்து நில் என்று சொல்ல முடியாது.

கொள்ளைப் போரின் சாதனைகளாகச் சொல்லப்படுபவற்றையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 1693-இல் போர்ச்சுகலின் லாகோஸ் அருகே, துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்துக்குப் போன ஆங்கிலேய, டச்சு வணிகக் கப்பல் கூட்டத்தில் சுமார் 90 கப்பல்கள் பறிபோயின; லண்டன் வணிகர்கள் ஆடிப்போனார்கள். அதைச் செய்தது தனியார் அல்ல, தூர்வில்லின் முழுப் படை. 1694-இல் டச்சுத் தீவான டெக்சல் அருகே டச்சுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த தானியக் கப்பல்களை மீட்டுப் பஞ்சத்தில் தவித்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் டன்கிர்க்கின் ழான் பார். பேர்போன கொள்ளைக் கப்பல்காரர்தான். ஆனால் அன்று மன்னரின் கடற்படை அதிகாரியாக, மன்னரின் கப்பல்களில் போனார்.

பெரிய படை துறைமுகத்தில் முடங்கிய பிறகு, எதிரிக்கும் வணிகக் கப்பல்களுக்குக் காவல் அனுப்ப வசதி கூடியது. தனியார் வேட்டை செழிக்க, எதிரிப் படையை வேறெங்காவது கட்டிப்போட ஒரு கடற்படை வேண்டும். அதனால் என் ஓட்டு இரண்டில் எதற்கும் முழுதாக இல்லை: ழான் பார் நடத்தியது போன்ற சிறிய, வேகமான அரசுப் படைப்பிரிவுகளுக்கும், அவற்றைச் சுற்றி உரிமக் கப்பல்களுக்கும்தான்.

உரிமக் கப்பல்கள் வெறும் கொசுக்கடி என்றும் நான் சொல்ல மாட்டேன். அடுத்து வந்த ஸ்பெயின் வாரிசுரிமைப் போர் முடிந்து 1713-இல் உட்ரெக்ட் ஒப்பந்தம் எழுதும்போது, டன்கிர்க்கின் கோட்டைகளை இடிக்க வேண்டும், துறைமுகத்தைத் தூர்க்க வேண்டும் என்று பிரிட்டன் நிபந்தனை போட்டு வாங்கியது.