‘அப்புறமா ஐ7 மாத்திக்கலாம் சார்’ என்றால், முதலில் போர்டு பெயரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள், அதிலும் ‘இப்போதைக்குச் சின்ன பிராசஸர் போதும், கையில் காசு வந்ததும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம்’ என்ற கணக்கில் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நானும் அந்தக் கணக்கோடு போனவன்தான். கணக்கு சரி. கடைக்காரன் போட்டுக்கொடுத்த போர்டுதான், அதாவது எல்லா பாகங்களையும் மாட்டும் மதர்போர்டுதான், கோளாறு.

விழுப்புரத்தில் கல்யாண ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங் வேலை செய்கிறேன். 2020-இல் கொரோனா வந்து மண்டபங்களைப் பூட்டியதில் ஆறேழு மாதம் வேலையே இல்லை. ஐப்பசியில் முகூர்த்தங்கள் மெல்லத் தொடங்கின, ஆர்டர் வந்தது, என் பழைய மெஷின் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. நவம்பரில் ஒரு நாள் பஸ் ஏறிக் கோயம்பேட்டில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். எந்தக் கடை என்று இங்கே எழுதவில்லை. என்னிடம் இருக்கும் பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஏன் என்பது கீழே வரும்.

கடையில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. நன்றாகப் பேசினான். “சார், ஐ3 டென்த் ஜென் போடுங்க. நாலு கோர், எட்டு த்ரெட். பழைய ஐ7-ல இருந்ததெல்லாம் இப்ப ஐ3-லயே வந்துடுச்சு. அடுத்த வருஷம் லெவன்த் ஜென் வருது, அதே சாக்கெட்டுதான். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு விலை இறங்கினதும் ஐ7 வாங்கி மாத்திக்குங்க. போர்டைத் தொடவே வேணாம்.”

(ஐ3, ஐ7 என்பவை இன்டெல் பிராசஸரின் சின்ன, பெரிய ரகங்கள். ‘ஜென்’ என்றால் தலைமுறை. கோர், த்ரெட் எண்ணிக்கை கூடினால் ஒரே நேரத்தில் அதிக வேலை நடக்கும். சாக்கெட் என்பது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்.) இதில் முக்கால்வாசி உண்மை என்பதுதான் கொடுமை. ஐ3-10100-க்கு நாலு கோர், எட்டு த்ரெட் என்பது உண்மை. 2017-இன் ஐ7-7700-க்கும் அதே கணக்குதான். 2021 மார்ச் கடைசியில் 11-வது ஜென் வந்தது, அதற்கும் அதே எல்ஜிஏ1200 சாக்கெட்தான். “போர்டு எது தம்பி?” என்று கேட்டேன். “ஃபோர் ஹண்ட்ரட் சீரிஸ் சார், லேட்டஸ்ட்” என்றான். நான் தலையாட்டினேன். ஏமாந்த இடம் அதுதான்.

இன்டெலின் 400 சீரிஸ் என்பது ஒரே பொருள் இல்லை. எச்410, பி460, எச்470, இசட்490 என்று நாலும் கடைகளில் அந்த ஒரே பெயரில் ஓடின. சாக்கெட் ஒன்று, திருகு ஓட்டைகள் ஒன்று, 10-வது ஜென் எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் எச்470-யும் இசட்490-யும் பயாஸை (போர்டுக்குள் இருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்தால் 11-வது ஜென்னை ஏற்கும். எச்410-யும் பி460-யும் ஏற்காது. அந்த இரண்டுக்கும் இன்டெல் பழைய 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்த சிப்பைப் போட்டிருந்தது. அவற்றுக்கு 11-வது ஜென் ஒத்துவராது என்று இன்டெலே தெளிவாகச் சொல்லிவிட்டது. என் தலையில் கட்டியது எச்410. இன்னொரு குழப்பமும் உண்டு. பின்னால் சில கம்பெனிகள் எச்410 என்ற பெயரிலேயே உள்ளே வேறு சிப் போட்டு, பெயருக்குப் பின்னால் ‘வி2’ என்று ஒட்டி, 11-வது ஜென்னை ஏற்கும் போர்டுகளையும் விட்டன. ஆகவே பெயரைப் பாதி கேட்டால் போதாது.

மானிட்டர் இல்லாமல் 37,500 ரூபாய் ஆனது. நாலு வருடம் குறையில்லாமல் ஓடியது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். 4கே வீடியோ வர ஆரம்பித்த பிறகுதான் திணறியது. ஒரு மூன்று நிமிட ஹைலைட்ஸை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் போய், டீ குடித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரோடு அரசியல் பேசிவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும்.

சரி, இப்போதுதான் மாற்றும் காலம் என்று நினைத்தேன். 2024-இல் பாண்டிச்சேரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் மெஷின் மாற்றினார். அவருடைய ஐ7-11700-ஐ 13,500-க்குத் தருவதாகச் சொன்னார். அவர் கடையிலேயே ஒரு மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கழற்றி வாங்கினேன். “போர்டும் சேத்து எடுத்துக்கயேன், இன்னும் அஞ்சாயிரம் குடு போதும்” என்றார். “எங்கிட்டதான் போர்டு இருக்கே” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். பிராசஸர் கச்சிதமாக உட்கார்ந்தது, லீவரும் மூடியது. ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. ரேமைக் கழற்றி மாட்டினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பழைய ஐ3-ஐத் திரும்பப் போட்டதும் கம்ப்யூட்டர் பழையபடி எழுந்தது. கடைக்கு போன் செய்தேன். “பயாஸ் அப்டேட் பண்ணணும்ணா, எடுத்துட்டு வாங்க” என்றார்கள். ரயிலேறி எழும்பூரில் இறங்கி, கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பயாஸுக்கு 800 ரூபாய், இரண்டு நாளில் ஆகிவிடும் என்றார்கள்.

நாலாம் நாள் போன் வந்தது. “அண்ணா, பயாஸ் எல்லாம் போட்டாச்சு. உங்க பிராசஸர் டெட். யாரோ உங்களை ஏமாத்தியிருக்காங்க, செகண்ட்ஸ் வாங்கினா இப்படித்தான்.” ஒரு மணி நேரம் ஓடியதைக் கண்ணால் பார்த்து வாங்கியவனிடம் சொல்கிறார்கள். அதோடு, “வேணும்னா புது போர்டும் ட்வெல்த் ஜென் ஐ5-ம் இருக்கு, பழசை நாங்களே எடுத்துக்கறோம்” என்று ஒரு விலையும் சொன்னார்கள். வேண்டாம், கொடுத்துவிடுங்கள் என்று திரும்ப வாங்கி வந்தேன்.

வீட்டில் பழைய ஐ3-ஐப் போட்டால் இப்போது அதுவும் எழவில்லை.

மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து சாக்கெட்டைப் பார்த்தேன். இன்டெலின் இந்த வகைப் போர்டுகளில் பின் எல்லாம் போர்டில்தான் இருக்கும், பிராசஸரில் இருக்காது. ஆயிரத்து இருநூறு பின், ஒவ்வொன்றும் மயிர் பருமன். வெளிச்சம் சரிந்து விழும்போது நடவு முடிந்த வயல் மாதிரி வரிசை வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து மின்னும். ஒரு மூலையில் மட்டும் மூன்று நாற்று மிதிபட்ட மாதிரி மடிந்து கிடந்தன. நான் கொண்டுபோனபோது சாக்கெட்டில் ஐ3 உட்கார்ந்திருந்தது. திரும்ப வந்தபோது சாக்கெட் வெறுமையாக இருந்தது, மேலே மூடவேண்டிய கருப்பு பிளாஸ்டிக் மூடிகூட இல்லை. ஐ3-ஐத் தனியாக ஒரு ஜிப் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்னைப் பார்ப்பதற்கு முன் போர்டில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்தார். “இது எச்410 ஆச்சேண்ணா. இதுல லெவன்த் ஜென் ஏறவே ஏறாது. பயாஸ் பிரச்சினை இல்ல, போர்டுல இருக்கற சிப்பே ஒத்துக்காது” என்றார். நாலு வருடமாக எனக்குத் தெரியாதது அவருக்கு நாலு நொடியில் தெரிந்தது. என் பிராசஸரைத் தன்னிடம் இருந்த, 11-வது ஜென்னை ஏற்கும் ஒரு பி560 போர்டில் போட்டுக் காட்டினார். பட்டென்று எழுந்தது. பிறகு லெட் எடுத்த மைக்ரோடிப் பென்சிலின் முனைக்குள் பின்னை நுழைத்து, லென்ஸ் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ3 உயிர் பெற்றது, ஆனால் இரண்டு ரேம் ஸ்லாட்டில் ஒன்று வேலை செய்யவில்லை. இருந்ததே இரண்டு ஸ்லாட்தான்.

கடைக்கு போன் செய்து கேட்டேன். பின்னைப் பற்றி, “நாங்க குடுக்கும்போது நல்லாதான் இருந்துச்சு.” போர்டைப் பற்றி, “ஃபோர் ஹண்ட்ரட் சீரிஸ்னுதானே சொன்னோம், அது ஃபோர் ஹண்ட்ரட் சீரிஸ்தானே.” இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘ஐ3 10-வது ஜென் அசெம்பிள்டு பிசி, 1’. அவ்வளவுதான். போர்டின் பெயர் இல்லை, மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. 800 ரூபாய்க்கு ரசீதே கிடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனிலும் ‘400 சீரிஸ் போர்டு’ என்றுதான் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், முதல் கேள்வியே பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். மேலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். ‘பின்னால் மாற்றலாம்’ என்ற வாக்குறுதி பொய் என்பது பெரும்பாலும் அந்தப் ‘பின்னால்’ வரும்போதுதான் தெரியும். அதற்குள் வாரண்டியும் போய்விடும், சொன்ன ஆளும் கடையில் இருக்கமாட்டான்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அன்றைக்கு எச்470 போர்டு மூவாயிரம் நாலாயிரம் கூட ஆகியிருக்கும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மாற்றும் எண்ணத்தோடுதானே போனேன், அதைத்தானே முதலில் சொன்னேன்.

இது ஒரு தலைமுறையோடு முடிந்த கதையும் இல்லை. 2017-இல் 8-வது ஜென் வந்தபோதும் இதுதான் நடந்தது. 6, 7-க்கும் 1151 சாக்கெட், 8-க்கும் 1151 சாக்கெட். ஆனால் பழைய எச்110, பி250 போர்டுகளில் 8 ஓடாது, 300 சீரிஸ் போர்டுதான் வேண்டும். சாக்கெட் நம்பர் ஒன்றாக இருப்பதை வைத்து யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் கொஞ்சம் தேவலாம். திண்டிவனத்து நண்பர் ஒருவர் பி450 போர்டில் ரைசன் 5 2600 வைத்திருந்தார். 2023-இல் பென்டிரைவில் பயாஸ் ஏற்றிவிட்டு அதே போர்டில் 5700எக்ஸ் மாட்டினார். ஆறு கோர் எட்டாகியது, செலவு பிராசஸருக்கு மட்டும். ஆனால் அங்கேயும் 2020-இல் 400 சீரிஸ் போர்டுகளுக்கு அடுத்த பிராசஸர் கிடையாது என்று ஏஎம்டி சொல்லி, வாடிக்கையாளர்கள் சண்டை போட்ட பிறகுதான் இறங்கிவந்தது. அதைவிடப் பழைய ஏ320, பி350 போர்டு வைத்திருந்தவர்கள் 2022 வரை காத்திருந்தார்கள்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு: இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டில் 12, 13, 14-வது ஜென் வரை போகும், அதோடு அந்த சாக்கெட் முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா பிராசஸர்களுக்கு 1851 சாக்கெட் வேண்டும். ஆகவே 1700-ஐ ‘எதிர்காலத்துக்கு’ என்று விற்றால் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது, ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் போடவேண்டும். பழைய டிடிஆர்4 ரேம் உதவாது.

அதேபோல, போர்டு ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் பெயர் இருப்பதும் நன்றாக ஓடுவதும் வேறு. போர்டு கம்பெனியின் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் எந்த பிராசஸர், எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து ஓடும் என்ற பட்டியல் இருக்கும். கடை வாசலில் நின்றுகொண்டே மொபைலில் பார்த்துவிடலாம். நாளைக்கு நீங்கள் போட நினைக்கும் ஐ7-இன் பெயர் அதில் இருந்தாலும், மின்சாரம் கொடுக்கும் பகுதியில் சூட்டை இழுக்கும் ஒரு ஹீட்சிங்க்கூட இல்லாத மலிவுப் போர்டாக இருந்தால் யோசியுங்கள். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும் ஐ7-11700 முழு மூச்சில் ஓடும்போது 200 வாட்டைத் தாண்டி இழுக்கும். போர்டு சூடேறி, வேகத்தைக் குறைத்துவிடும், ஐ7 காசு கொடுத்து ஐ5 வேகம்தான் கிடைக்கும். என் மெஷினில் இருந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸையும் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இதே காரணத்துக்காக மாற்றவேண்டியிருந்தது.

பாண்டிச்சேரி நண்பரிடம் கேட்டால், அவருடைய போர்டு அந்த வாரமே விற்றுவிட்டதாம். சர்வீஸ் செய்தவரிடமே செகண்ட்ஸில் ஒரு பி560 போர்டு 6,800-க்கும், நல்ல எஸ்எம்பிஎஸ் 3,200-க்கும் எடுத்தேன். போர்டைத் தொடவே வேண்டாம் என்றவன் பேச்சுக்கு ஆன செலவு பத்தாயிரம், ரயில் செலவு, ஒரு முகூர்த்த வாரம். அவர் பில் எழுதும்போது போர்டு மாடலையும் சீரியல் நம்பரையும் எழுதச் சொன்னேன். “அதெல்லாம் எதுக்குண்ணா, நான் எங்க ஓடிடப் போறேன்” என்று சிரித்தார். எழுதும்வரை நான் காசை எடுக்கவில்லை.