காலடிக்கொரு துண்டா, கடைசியில் ஒரு டப்பாவா?

நாய்க்கு மோப்பத் தடம் பிடிக்கக் கற்றுக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. தடம் போடும்போதே ஒவ்வொரு காலடியிலும் ஒரு துண்டு தீனி வைத்துக்கொண்டே போவது ஒன்று. வழியில் எதுவும் வைக்காமல், கடைசியில் ஒளிந்திருக்கும் ஆளிடம் மொத்தத் தீனியையும் ஒரு டப்பாவில் கொடுத்துவைப்பது இன்னொன்று. எங்கள் செம்பியை முதல் வழியில் ஏழு வாரம் பழக்கிவிட்டு இரண்டாவதற்கு மாறினேன். இப்போது யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னஸ், 10 மீட்டர் கயிறு, தரையில் ஈரம் காயாத காலை நேரம்: இவை இரண்டுக்கும் ஒன்றுதான்.

காலடித் தீனியில் மூக்கு மண்ணைவிட்டு எழாது, நடையும் நிதானமாக இருக்கும். துணைக்கு ஆள் தேவையில்லை. முதல் வாரத்திலேயே நாய் மேதையாகிவிட்டது போலத் தோன்றும். எறும்புகள் முந்திக்கொள்ளும் என்பது தனிக்கதை.

தீனியைக் குறைக்கும்போதுதான் வினை ஆரம்பம். மூன்றாவது வாரம் மூன்றடிக்கு ஒன்று என்று குறைத்தேன். சமாளித்தாள். பத்தடிக்கு ஒன்று என்றதும், நான்கு காலடி வெறுமையாக இருந்ததைப் பார்த்து நின்றாள். திரும்பி வந்து என் பாக்கெட்டை முகர்ந்தாள், உட்கார்ந்துவிட்டாள். தடம் அவள் மூக்குக்குக் கீழேதான் இருந்தது.

யோசித்தால் அவள்மேல் தப்பில்லை. ஒருவர் நடந்த இடத்தில் நசுங்கிய புல், கிளறிய மண், உடம்பிலிருந்து உதிர்ந்த தோல் துகள் எல்லாம் சேர்ந்துதான் தடம். அதன்மேல் அடிக்கு ஒரு கோழித் துண்டு கிடந்தால், மற்ற வாசனையைத் தேட நாய்க்கு என்ன அவசியம்? நான் தடம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதாக நினைத்தேன், அவள் கோழி பொறுக்கக் கற்றுக்கொண்டாள். அவசரப்படாமல், எந்த அடியில் இருக்கும் என்று ஊகிக்க முடியாதபடி மாற்றி மாற்றிக் குறைத்தால் இது வராது என்பார்கள். உண்மைதான், என் அவசரமும் காரணம். ஆனால் டப்பா முறையில் குறைக்க வேண்டிய தீனியே தடத்தில் இல்லை. கடினமாக்க வேண்டுமா, தடத்தை நீட்டலாம், ஒரு வளைவு சேர்க்கலாம், தடம் போட்டபின் பத்து நிமிடம் ஆறவிட்டு நாயை அனுப்பலாம். பரிசு மட்டும் முதல் நாள் போலவே கடைசியில் காத்திருக்கும்.

தொடக்கம் ரொம்ப எளிது. தம்பி மகன் டப்பாவைக் காட்டிவிட்டு, அவள் கண்ணெதிரே ஓடிப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிவான். கண்டுபிடித்த நொடியே டப்பா திறக்கும், கொஞ்சலும் சேரும். அந்தத் தீனி வேறு எதற்கும் கிடைக்காது. அப்புறம் அவன் ஓடுவதைக் காட்டாமல், அவன் போட்ட சாக்ஸை முகரவைத்து அனுப்புவோம். ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன்: எதிர்க்காற்றில் விட்டேன். தலையைத் தூக்கிக் காற்றிலேயே ஆளைப் பிடித்து, வளைவையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் போய் நின்றாள். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி மாற்றியதும் மூக்கு தரைக்கு இறங்கியது.

இன்னொரு லாபம் பிறகுதான் புரிந்தது. நானே போட்ட தடத்தில் வளைவு எங்கே என்று எனக்குத் தெரியும், கயிறு பிடித்த கை அங்கே தானாகத் தளரும். நாய் அதைப் படித்துவிடும். வேறொருவர் போட்டால் எனக்கே வழி தெரியாது. ஒருநாள் பையன் வலப்பக்கம்தான் போயிருப்பான் என்று கயிற்றை இழுத்துப் பிடித்தேன். செம்பி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இடப்பக்கமே இழுத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

டப்பா முறையின் தொல்லை ஆள் பிடிப்பது. ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து ஒளிய வேண்டும். ஒரே ஆள் என்றால் அவர் வாசனைக்கு மட்டும் பழகிவிடும் என்பதால் ஆளை மாற்றவும் வேண்டும். வாரம் இரண்டு நாளுக்கு மேல் எங்களுக்கு அமையவில்லை.

ஐஜிபி (மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு மூன்றிலும் நாயைச் சோதிக்கும் போட்டி) மாதிரிப் போட்டிக்குத் தயார் செய்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அங்கே காலடி தவறாமல் முகர்ந்து போவதற்குத்தான் மதிப்பெண். மூன்றாம் நிலையில் வேற்றாள் நடந்து ஒரு மணி நேரமான 600 தப்படித் தடம் வரும். அதற்குக் காலடித் தீனிதான் சரியான அடித்தளம். செம்பியோடு நான் போனது நாற்பது நிமிடப் பழைய தடம் வரைதான். தீனிக்குப் பதில் பந்து கொடுப்பவர்களும் உண்டு, இவளுக்குப் பந்தென்றால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள்.

சரி, காலடித் தீனியை அடியோடு விட்டுவிடவும் இல்லை. வேகத்தில் வளைவைத் தாண்டி ஓடிவிடுகிறாள். அதனால் புது வளைவு போடும்போது, திரும்பி ஏழெட்டு அடி தள்ளி இரண்டே இரண்டு துண்டு வைக்கச் சொல்லிப் பையனை அனுப்புகிறேன். அதில் ஒன்றை அவனே தின்றுவிடுகிறான் என்று சந்தேகம்.