மிடில்செக்ஸ் வரைபடம்: ஜான் ஸ்பீடா, ராபர்ட் மார்டனா?

ஹாரோ, வெம்ப்ளி, சவுத்ஹால் எல்லாம் ஒரு காலத்தில் மிடில்செக்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல இங்கிலாந்தின் ஒரு பிரிவு). 1965-இல் அந்தக் கவுண்டியைக் கலைத்து, பெரும்பகுதியை லண்டனோடு சேர்த்துவிட்டார்கள். இன்று அந்தப் பெயர் பழக்கத்தில் எழுதும் தபால் முகவரியிலும் லார்ட்ஸில் ஆடும் கிரிக்கெட் அணியிலும்தான் அதிகம் கண்ணில் படுகிறது. குடியிருக்கும் ஊரின் பழைய வரைபடம் ஒன்று, நகலாக இல்லாமல் அசலாகவே, வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தேட ஆரம்பித்தால் கடைசியில் போட்டி இருவருக்குள் வந்து நிற்கிறது. ஒருவர் ஜான் ஸ்பீட், இன்னொருவர் ராபர்ட் மார்டன், இருவரும் 17ஆம் நூற்றாண்டில் வரைபடம் வெளியிட்டவர்கள். நான் வாங்கியது மார்டன்.

மற்றவர்களை ஏன் விட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டோபர் சாக்ஸ்டனின் 1579 அட்லஸ்தான் இந்த வகைக்கு மூலம். ஆனால் அதன் அசல் தாள்கள் அரிது, விலையும் எட்டாது. அதோடு அவர் மிடில்செக்ஸைக் கென்ட், சர்ரே, சசெக்ஸோடு சேர்த்து ஒரே தாளில் அடக்கிவிட்டார். ஜான் கேரியின் 1787 அட்லஸ் படங்கள் துல்லியமானவை, விலையும் குறைவு, புதிதாகத் தொடங்குபவருக்கு நல்லவை. எனக்கு அவை ஏறக்குறைய இன்றைய படம் போலவே தோன்றின.

சரி, ஸ்பீட். அழகு என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. 1611-12 வாக்கில் வந்த அவருடைய அட்லஸுக்கு, அச்சடிப்பதற்கான செப்புத் தகடு செதுக்கியவர் ஆம்ஸ்டர்டாமின் யோடோகஸ் ஹோண்டியஸ். மிடில்செக்ஸ் தாளில் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் இரண்டின் நகரப் படங்களும் மூலையில் இருக்கின்றன. 1666 பெருந்தீயில் அழிந்த பழைய செயின்ட் பால் தேவாலயத்தையும் அதில் பார்க்கலாம். நில அளவை பெரும்பாலும் மற்றவர்களுடையது. பிறர் வயலில் என் அரிவாளை வைத்தேன் என்று ஸ்பீடே எழுதியிருக்கிறார், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் படத்தில் சாலைகள் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் ஓவர்ட்டன் என்ற பதிப்பாளர் அதே தகடுகளில் சாலைகளைச் சேர்த்து அச்சடித்தபோதுதான் அவை வந்தன.

மார்டன் லண்டன் கார்ன்ஹில்லில் கடை வைத்திருந்தவர், 1703-இல் இறந்தார். வில்லியம் கேம்டன் பிரிட்டனைக் கவுண்டி வாரியாக விவரித்த ‘பிரிட்டானியா’ நூலை எட்மண்ட் கிப்சன் 1695-இல் புதுப்பித்து வெளியிட்டபோது அதற்காக வந்தவை இவருடைய கவுண்டிப் படங்கள். 1675-இல் ஜான் ஓகில்பி சக்கரம் உருட்டி அளந்த நெடுஞ்சாலைகள் இவற்றில் ஏறியிருக்கின்றன. லண்டனிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் வழியாக ஆக்ஸ்ஃபோர்டு போகும் சாலையில் விரலை வைத்தால், இன்று சவுத்ஹாலுக்குள் நாம் பஸ்ஸில் போகும் அதே வழி. அளவுகோலைப் பாருங்கள், ஒன்றுக்குப் பதில் மூன்று இருக்கும்: பெரிய மைல், நடுத்தர மைல், சிறிய மைல். ஒரே மைலை நாடு முழுக்க யாரும் அப்போது பின்பற்றவில்லை. தீர்க்கரேகையை லண்டனிலிருந்து எண்ணி, கீழ் ஓரத்தில் பாகையாகவும் மேல் ஓரத்தில் ரோமன் எண்ணில் கடிகார நிமிடமாகவும் போட்டிருப்பார், ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கார்ன்வால் ஏறத்தாழ 5 பாகை மேற்கே இருக்கிறது, ஆக அங்கே உச்சிவேளை லண்டனைவிட 20 நிமிடம் பிந்தி வரும். ரயில் வந்து எல்லா ஊருக்கும் ஒரே மணி ஆவதற்கு முந்தைய உலகம் அந்த ஓரக்கோட்டில் அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் ரசனை. எனக்கு முடிவைத் தீர்த்தது பராமரிப்பு, அதாவது தாளின் பின்பக்கம்.

ஸ்பீடின் அட்லஸ் தாள்களில் பின்னால் கவுண்டியைப் பற்றிய கட்டுரையும் ஊர்ப் பட்டியலும் அச்சாகியிருக்கும். பதிப்பைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி. லத்தீனில் இருந்தால் 1616. ஆங்கிலமாக இருந்தால் முன்பக்கம் பதிப்பாளர் பெயரைப் பார்க்க வேண்டும்: சட்பரி, ஹம்பிள் என்றால் ஆரம்ப காலம், பாசெட், சிஸ்வெல் என்றால் 1676. ஆனால் அட்லஸில் கட்டியிருந்த தாள் நடுமடிப்பில்தான் முதலில் கிழியும். அதைப் பின்னாலிருந்து ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் வைத்துத் தாங்கினால் எழுத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும். சட்டம் போட்டால் படத்தின் பாதிச் சரித்திரம் மறைந்துபோகும். இரு பக்கமும் கண்ணாடி போடலாம், செலவும் கனமும் கூடும். மார்டனுக்கு முதுகு வெறுமை. எங்கே பழுது, எங்கே பழைய ஒட்டு என்று வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிந்துவிடும், ஒட்டுப் போடவும் இடம் தாராளம்.

அடுத்தது பச்சை. அந்தக் காலத்துப் பச்சை வண்ணம் பலவும் செம்புக் களிம்பிலிருந்து வந்தவை, நாளடைவில் தாளையே அரித்துவிடும். நான் பார்த்த ஒரு ஸ்பீடில் முன்பக்கம் எல்லைக்கோடு பளிச்சென்று பச்சையாக இருந்தது. திருப்பினால் அதே கோடு காய்ந்த வெற்றிலை நிறத்தில் பழுத்து, இரண்டு இடத்தில் விரிசலும் விட்டிருந்தது. வண்ணம் பூசிய மார்டனுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் ஸ்பீட் மிடில்செக்ஸ் பல மடங்கு விலை. என் பணத்துக்கு ஸ்பீடில் கிடைத்திருக்கக்கூடியது ஓரம் வெட்டி, மடிப்பு ஒட்டி, சமீபத்தில் வண்ணம் பூசிய தாள்தான். அதே பணத்தில் மார்டன் வண்ணமில்லாமல், அகலமான ஓரத்தோடு, கிழிசலின்றிக் கிடைத்தது. பழுதான தாளை வாங்கினால் பழுது பார்க்கும் வேலையும் கூடவே வீட்டுக்கு வரும். நல்ல நிலையில் உள்ளதற்கு அமிலமில்லாத அட்டையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வெயில் படாத சுவரும் போதும்.

மறுவிற்பனை பற்றி நான் அடித்துப் பேச முடியாது. வாங்கியதை இதுவரை விற்றதில்லை, ஏலங்களைக் கவனித்த அளவில்தான் சொல்கிறேன். ஸ்பீட் பெயருக்கே ஆள் வருகிறது. மார்டனை விற்பவர் பொறுமையாக இருக்க வேண்டும், ஆனாலும் மிடில்செக்ஸ் போல லண்டன் உள்ள கவுண்டி என்றால் பரவாயில்லை. மார்டனில் இன்னொரு குறை, 1695 தாளா 1722 மறுபதிப்பின் தாளா என்று பிரிப்பது எளிதல்ல, விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கும். முதலீடு என்று வாங்குபவர் ஸ்பீடையே பார்க்கலாம். லண்டன் இல்லாத கவுண்டியாக எடுத்தால் அதே பணத்துக்கு நல்ல நிலையில் கிடைக்கும்.

யாருடையதானாலும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். செப்புத் தகட்டு அச்சில் கோடு கோடாகவே இருக்கும், புள்ளிகளாகச் சிதறினால் அது பிற்கால நகல். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஸ்பீட் என்று சொல்லி முதுகு வெறுமையாக இருந்தால் கூடுதலாகக் கேள்வி கேளுங்கள், ஓவர்ட்டன் கால அச்சாகவும் இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். சட்டத்திலிருந்து கழற்றிக் காட்ட மறுக்கும் கடையில் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.