இர்மா வெப்: எல்லாரும் கத்துகிறார்கள், ஒருவர் மட்டும் வேலை செய்கிறார்

சினிமாவில் சேர ஆசைப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் படம், ஒலிவியே அஸ்ஸாயாஸின் 'இர்மா வெப்' (1996). பிரெஞ்சு இயக்குநர் ஃபூயாத் 1915-16-இல் எடுத்த மௌனத் தொடரான 'லே வாம்பீர்'-ஐ மீண்டும் எடுக்கக் கிளம்புகிறார், நிம்மதி இழந்த இயக்குநர் ஒருவர். அந்த வேடத்தில் ழான் பியர் லெயோ நடித்திருக்கிறார். நாயகியாக ஹாங்காங்கிலிருந்து வருபவர் மேகி சியுங், தம் சொந்தப் பெயரிலேயே.

பாரிஸ் அலுவலகத்தில் ஓயாமல் தொலைபேசி. வந்த சியுங்கைக் கவனிக்க ஆளில்லை. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. படக்குழுவுக்குள் புறணி. இரவில் எல்லாரும் அவரை மறந்து கலைந்துவிட, உடையலங்காரப் பெண் ஸோயே தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்கிறாள். படப்பிடிப்பு என்பது இதுதான்!

என்னை மிகவும் தொட்டது நேர்காணல் காட்சி. பிரெஞ்சு சினிமாவே செத்துவிட்டது என்று பத்திரிகையாளர் பொரிந்து தள்ளுகிறார். சியுங் பொறுமையாக, மரியாதை குறையாமல் மறுக்கிறார். என்ன பண்பான நடிப்பு!

குறை உண்டு. தயாரிப்புக் குழுவில் பலர் ஒரே சுருதியில் கத்துவதால் யார் யாரென்று பிரித்தறிய நேரமாகிறது. 99 நிமிடப் படம். ஆங்கிலமும் பிரெஞ்சும் மோதிக்கொள்வதே கதை என்பதால், மொழிமாற்றுப் பதிப்பைத் தவிர்த்து அசல் ஒலியில் பாருங்கள்.