சொரியாசிஸுக்கு எந்த எண்ணெய்? வெட்பாலையும் அதன் போட்டியாளர்களும்

தோலில் செதில் செதிலாகப் படை கிளம்பும் நோய் சொரியாசிஸ். அது என்று தெரிந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு எண்ணெயைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இது அழுக்காலோ தொற்றாலோ வருவதல்ல. உடலின் எதிர்ப்பு ஆற்றல் தடம் மாறி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோலைச் சில நாட்களிலேயே மேலே தள்ளிவிடுகிறது. ஆகவே எந்த எண்ணெயும் வேரோடு பிடுங்கப் போவதில்லை. செதிலையும் அரிப்பையும் எது கூடுதலாக அடக்கும் என்பதுதான் கேள்வி.

காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, சித்த மருத்துவர்கள் முதலில் கொடுப்பது வெட்பாலைத் தைலம். இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாட்களில் எண்ணெய் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிடும். அந்தச் சாயத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெட்பாலையும் அவுரியைப் போல நீலம் தரும் இலை. அதில் இண்டிருபின் என்ற பொருள் உண்டு. சீன மருத்துவத்தில் நீலச்சாய இலைகளிலிருந்து எடுக்கும் பொடியிலும் அதே பொருள்தான். அந்தப் பொடியில் செய்த களிம்பைத் தைவானில் நோயாளிகளிடம் சோதித்தபோது படை நன்றாகவே தணிந்தது. ஆனால் நம் வீட்டுப் புட்டியில் இண்டிருபின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யார் அளந்தார்கள்? தலையணை உறை கறைபடும் என்பது மட்டும் உறுதி.

வெறும் தேங்காயெண்ணெயை எளிதில் ஒதுக்கிவிடாதீர்கள். வெட்பாலைக்குக் கிடைக்கும் பெயரில் ஒரு பங்கு அதற்கும் சேர வேண்டியது என்பது என் எண்ணம். குளித்து ஒற்றியெடுத்த ஈரம் காயுமுன் தடவினால் செதில் இளகும், அரிப்பு குறையும். தலையில் தடித்த செதிலுக்கு இரவே தேய்த்துவிட்டு, காலையில் மெதுவாக அலசலாம். நகத்தால் பெயர்க்கக் கூடாது. பெயர்த்தால் பொட்டுப் பொட்டாக இரத்தம் கசியும். காயம் பட்ட இடத்தில் புதுப் படையும் கிளம்பும்.

கற்றாழை குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவாமல் பூசினால் அரிப்பு கூடலாம். வேப்பெண்ணெய் சிலருக்கு எரிச்சல் தரும், நாற்றமும் தாங்காது. மஞ்சள் பூச்சுக்கு என் பட்டியலில் கடைசி இடம்.

இவை எல்லாவற்றையும் விட வலுவான சான்று உள்ளது வெயிலுக்குத்தான். மருத்துவமனைகளில் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிரால் இதற்குச் சிகிச்சையே தருகிறார்கள். இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் இடையிலுள்ள சாக்கடல் கரைக்கு நோயாளிகள் போவதும் இதற்காகவே: கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருப்பதால், தோலைக் கருக்கும் கதிர் அங்கே கூடுதல் காற்றைக் கடந்து, வடிகட்டப்பட்டு இறங்குகிறது. நம் ஊர் உச்சிவெயிலுக்கு அந்தத் தயவு கிடையாது. சில நிமிடங்களில் தொடங்குங்கள். தோல் சிவந்தால் நிறுத்துங்கள்.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில்தான் எனக்குப் பயம். பரங்கிப்பட்டைச் சூரணத்தைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்குவது வேறு. பெயர் இல்லாத பொட்டலப் பொடி வேறு. ஒரே வாரத்தில் படை மாயமாக மறைந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சட்டென நிறுத்தினால் நோய் பல மடங்காகத் திரும்பும். ஏற்கெனவே சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற ஆங்கில மருந்தை எடுப்பவர்கள், கல்லீரலைக் கருதி, எந்தப் பொடியையும் மருத்துவரிடம் காட்டாமல் தொடக் கூடாது.

காலையில் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருந்தால் எண்ணெய் ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். அது மூட்டையும் பிடித்த சொரியாசிஸாக இருக்கலாம். தாமதித்தால் மூட்டு கோணிவிடும். உடனே மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.