‘பிஜன் பிளட் பிங்க்’ என்று ஒருவர் என் தலையில் கட்டிய ஸ்டாம்பு

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய ஸ்டாம்பு சேர்க்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் நியூஜெர்சியில் ஒரு வார இறுதி ஸ்டாம்பு சந்தையில் 640 டாலர் கொடுத்து ஒரே ஒரு ஸ்டாம்பு வாங்கினேன். அது பத்து டாலர்கூடப் பெறாது என்று பிறகுதான் தெரிந்தது. விற்றவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எப்படி விற்றார் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அதே வழியில் இன்னும் பலர் விற்கிறார்கள்.

விஷயம் 1861 வரிசையின் 3 சென்ட் வாஷிங்டன், அதாவது ஜார்ஜ் வாஷிங்டன் படம் போட்ட அமெரிக்க ஸ்டாம்பு. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும், தென் மாநிலத் தபால் நிலையங்களில் இருந்த ஸ்டாம்புகளை எதிர்த்தரப்பு விற்றுக் காசாக்கிவிடும் என்ற பயத்தில் வாஷிங்டன் அரசு பழைய ஸ்டாம்புகளைச் செல்லாததாக்கியது. புது வரிசையை நியூயார்க்கின் நேஷனல் பேங்க் நோட் கம்பெனி அவசரமாக அச்சடித்துக் கொடுத்தது. சாதாரணக் கடிதத்துக்கு 3 சென்ட் என்பதால் அந்த ஸ்டாம்பு மட்டும் நூறு கோடிக்கும் மேல் அச்சாகியிருக்கிறது. பெரும்பாலானவை ரோஸ் நிறம். ஸ்டாம்புகளுக்கு எண்ணும் விலையும் போட்டுத் தரும் ஸ்காட் கேட்டலாக்கில் எண் 65, பயன்படுத்தியது என்றால் விலை இரண்டு மூன்று டாலர். ஆனால் 1861 ஆகஸ்டில் வெளிவந்த முதல் அச்சுகளில் வேறொரு மை. அதில்தான் 64 என்ற பிங்க் வருகிறது, சில நூறு டாலர். அதிலும் அரிதாக 64ஏ, பிஜன் பிளட் பிங்க், அதாவது புறா ரத்த நிறம், ஆயிரக்கணக்கில் போகும். பிங்க்குக்கும் ரோஸுக்கும் நடுவில் 64பி, ரோஸ் பிங்க். படம் ஒன்றுதான், ஓரத்துப் பற்களும் ஒன்றுதான். மையில் ஒரு நீலச் சாயல் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் மூன்று டாலருக்கும் மூவாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம். ஏமாற்றுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

அந்த மேசையில் ஒரு கறுப்பு அட்டை. அதில் இரண்டே ஸ்டாம்பு. ஒன்று பழுத்துப்போய், மஞ்சளும் பழுப்பும் ஏறிய சாதாரண 65. பக்கத்தில் ‘64ஏ’. ‘இது ரோஸ், இது பிஜன் பிளட். வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியும்’ என்றார். தெரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. பழுத்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பை வைத்தாலும் நீலம் ஓடியதுபோலத்தான் கண்ணுக்குப் படும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. புடவைக் கடையில் ஒரு கலர் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறு கலராக இருக்குமே, அதேதான். போதாததற்கு மேசை விளக்கு வேறு, வெள்ளை எல்இடி, நீலம் தூக்கலாக அடிக்கிறது.

அப்புறம் ஸ்டாம்பின் மேல் இருந்த தபால் முத்திரையைக் காட்டினார். வட்ட முத்திரையில் ‘ஆகஸ்ட்’ என்ற மாதமும் தேதியும் தெளிவாக இருந்தன. ‘முதல் மாதத்து ஸ்டாம்பு, பாருங்கள்’ என்றார். நான் உடனே விழுந்தது அங்கேதான். முத்திரையில் வருடமே இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க ஊர் முத்திரைகள் நிறையவற்றில் வருடம் இருக்காது. 1861க்குப் பிறகு இந்த வடிவம் 1869 வரை ஓடியது. ஒவ்வொரு வருடத்திலும் ஓர் ஆகஸ்ட் உண்டு. இவ்வளவு எளிய கணக்கு அந்த நேரத்தில் மனதில் ஓடவில்லை. என் அப்பா கும்பகோணத்தில் சிகரெட் டப்பாவில் ஸ்டாம்பு சேர்த்தவர். ‘முத்திரையை முதலில் படி, படத்தை அப்புறம் பார்’ என்று அவர் சொல்லித்தான் நான் இந்தப் பழக்கத்துக்கே வந்தேன்.

நிபுணர்கள் சோதித்துத் தரும் சான்றிதழ் உண்டா என்று கேட்டேன். ‘அனுப்பினால் பாஸ் ஆகிவிடும், அப்போது நானே மூவாயிரம் கேட்பேன், அதனால்தான் உங்களுக்கு இந்த விலை’ என்றார். இதைக் கேட்டதும் நான் எழுந்து போயிருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஆகும் செலவு, அது தரும் மதிப்பின் முன்னால் ஒன்றுமேயில்லை. நாற்பது வருடம் வியாபாரம் செய்கிறேன் என்பவர் அதைச் செய்யாமல் வைத்திருக்கிறார் என்றால், விடை அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் அர்த்தம். பணமாகக் கொடுத்தால் 640 என்றார். கொடுத்தேன். ரசீதில் ‘3 சென்ட் வாஷிங்டன், பயன்படுத்தியது’ என்று மட்டும் எழுதினார். 64ஏ என்ற எண் அதில் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள்தான் கவனித்தேன்.

வீட்டில் ஜன்னல் ஓரம், வெயில் நேராக விழாத பகல் வெளிச்சத்தில், என்னிடம் இருந்த நல்ல நிலை 65கள் ஏழெட்டை வரிசையாக வைத்து நடுவில் இதை வைத்தேன். பிரமாதமாக ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வெளுத்த ரோஸ், அவ்வளவுதான். யுவி (புற ஊதா) விளக்கில் தாள் வெண்மையாக ஒளிர்ந்தது. மற்ற எதிலும் அப்படி இல்லை. இன்றைய சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி பட்டால் பழைய தாள் அப்படி ஒளிரும். யாரோ கழுவியிருக்கிறார்கள்.

மனசு கேட்காமல் சான்றிதழுக்கு அனுப்பினேன். நியூயார்க்கில் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் இருக்கிறது, பென்சில்வேனியாவின் பெல்ஃபான்ட்டில் அமெரிக்கன் ஃபிலாடெலிக் சொசைட்டி இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் போனது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது 64ஏ இல்லை, 64 இல்லை, 65கூட இல்லை. எண் 94. நிறம் மாற்றப்பட்டது, கிரில் அழுத்தி மறைக்கப்பட்டது.

கிரில் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: முத்திரையைத் துடைத்த ஸ்டாம்பை மறுபடி ஒட்டி ஏமாற்றுவதைத் தடுக்க, 1867 முதல் தாளில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்தி அதன் நார்களை உடைத்தார்கள். முத்திரை மை உள்ளே இறங்கிவிடும், துடைக்க முடியாது. 94இல் இருப்பது எஃப் கிரில், சுமார் 9க்கு 13 மில்லிமீட்டர், 1868இல் வந்தது. அந்தப் புள்ளிகளை ஈரப்படுத்தி இஸ்திரி போட்டதுபோலத் தட்டையாக்கியிருக்கிறார்கள். முழுதாகப் போகவில்லை. சான்றிதழ் வந்தபின் ஸ்டாம்பைக் கவிழ்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். மூலையில் ஐந்தாறு புள்ளிகளின் தடம் எனக்கே தெரிந்தது. கிரில் இருந்த ஸ்டாம்பு 1861இல் அச்சானதாக இருக்கவே முடியாது. நிறத்தைப் பற்றி வாதமே வேண்டாம், இந்த ஒன்றே போதும். மேசையிலேயே அதைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் 640 டாலர் என் பையில் இருந்திருக்கும்.

விற்றவருக்கு போன் செய்தேன். ‘பதினான்கு நாள் ரிட்டர்ன், அது முடிந்துவிட்டது. நான் கருத்துதானே சொன்னேன், உத்தரவாதம் கொடுக்கவில்லையே’ என்றார். ரசீதைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான், அதில் ஒன்றும் இல்லை.

இப்போது நான் வாங்கும் முறையே மாறிவிட்டது. ரசீதில் கேட்டலாக் எண் இருக்க வேண்டும். ‘எக்ஸ்டென்ஷன்’ என்று எழுதித் தர வேண்டும், அதாவது சான்றிதழில் வேறு எண் என்று வந்தால், வழக்கமான ரிட்டர்ன் நாள் முடிந்திருந்தாலும், பணம் திரும்ப வரும். நேர்மையான டீலர்கள் இதற்கு யோசிப்பதே இல்லை. ஆன்லைன் படத்தை வைத்து நிற வகை வாங்குவதை அடியோடு நிறுத்திவிட்டேன். படத்தின் நிறத்தை மாற்றும் வைட் பேலன்ஸை ஒரு இழுப்பு இழுத்தால் எந்த 65ம் 64 ஆகிவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, 1861 என்று வருடம் தெளிவாக உள்ள கடித உறையோடு சான்றிதழ் பெற்ற ஒரு பிங்க்கைச் சேமித்து வாங்கினேன். பழைய ஆரஞ்சு, வெர்மிலியன் (செந்தூர நிற) ஸ்டாம்புகளிலும் இதே தொல்லை உண்டு. காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கருத்துப்போனதை ‘அரிய பழுப்பு நிறம்’ என்று விற்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் அந்த அரிய பழுப்பு மறுபடி ஆரஞ்சாகிவிடும்.

இந்த மாதம் அதே சந்தைக்குப் போனேன். அவர் மேசையில் அதே கறுப்பு அட்டை, அதே பழுத்த 65. பக்கத்தில் வேறொரு ‘64ஏ’ இருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ‘தம்பி, திருப்பிப் பார்க்கக் கேளுங்கள், ரசீதில் எண் எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் சத்தமாகவே சொன்னேன். அவன் கேட்டான். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.