வெச்ச இரையை விடாத எதிராளி: பழைய பேசிக் செக்கர்ஸ், மறுபடியும்

போன வாரம் கோபியில அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணறப்ப, பழைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்குள்ள மடிச்ச மூணு ஜெராக்ஸ் தாள் சிக்குச்சுங்க. பேசிக்குங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதுன விளையாட்டுகளைப் போட்டு எழுபதுகள்ல அமெரிக்காவுல வந்த ஒரு புத்தகத்துல இருந்த செக்கர்ஸ் புரோகிராம். செக்கர்ஸ்னா, எட்டுக்கு எட்டு கட்டத்துல காயை மூலைவாக்குல நகத்தி, எதிராளி காயைத் தாண்டி வெட்டற ஆட்டமுங்க. 1988-ல நான் பிளஸ் ஒன். 1984-ல ஆரம்பிச்ச கிளாஸ் திட்டத்துல பள்ளிக்கோடங்களுக்குக் குடுத்தாங்களே, அந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் எங்களுக்கும் வந்திருந்துச்சு. 32 கே மெமரி, செருப்பைக் கழட்டிட்டுத்தான் ரூமுக்குள்ள போகோணும். நான் வாசிக்க, கூட்டாளி தட்ட, ரெண்டு சனிக்கிழமை போச்சு. இப்ப லேப்டாப்பையே அந்தப் பழைய மெஷின் மாதிரி நடிக்க வெக்கற எமுலேட்டரைப் போட்டு, நானே உக்காந்து தட்டி, ஒரு வாரம் ஆடிப் பார்த்துட்டு எழுதறேன்.

பலகைன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். கருப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் எதுவும் கெடையாது, அத்தனையும் புள்ளி. மெஷினோட காய் எக்ஸ், நம்ம காய் ஓ, எதிராளியோட அடி வரிசைக்குப் போய்ச் சேர்ந்து ராஜா ஆனா பக்கத்துல ஒரு நட்சத்திரம். கீழ எடது மூலை 0,0. மேல வலது மூலை 7,7. எங்கிருந்து எங்கேன்னு நம்பராத்தான் அடிக்கோணும். நாலு ஆட்டம் வரைக்கும் திரையில வெரல் வெச்சு எண்ணுனேன். எட்டாத கட்டத்தை அடிச்சா 'பீப்'னு கத்தும். கறாரான ஆளுன்னு நெனச்சா, ராஜா மட்டுந்தான் பின்னால போலாம்னு இருக்கறப்ப, சாதாக் காயைப் பின்னால நகத்துனாலும் கம்முனு வாங்கிக்குது! அன்னைக்கு என் கூட்டாளி எப்படி ஜெயிச்சான்னு இப்பத்தான் வெளங்குது.

அது யோசிக்கற விதந்தான் ருசி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மார்க் போடுது. வெட்டுனா 5. ராஜா ஆனா 2. ஓரத்துக்குப் போனா 1. தன்னோட அடி வரிசையை விட்டு எறங்குனா 2 கழியும், போற எடத்துல நாம வெட்டற மாதிரி இருந்தா இன்னொரு 2 கழியும். அதுக்கு மேல ஒரு அடி கூட முன்னால பார்க்காது. கணக்குப் போட்டுப் பாருங்க: 5-ல 2 போனாலும் 3 மிச்சம். அதனால ஒரு காயை முன்னால தள்ளி வெச்சா பெரும்பாலும் பாய்ஞ்சிரும். எங்க அப்புச்சி கோயில் திண்ணையில ஆடு புலி ஆடறப்ப, ஒரு ஆட்டைக் குடுத்துப் புலியை மூலைக்கு இழுத்துட்டு, வெத்தலையை மடிக்க ஆரம்பிச்சிருவாரு. அந்த வித்தை போதுமுங்க இதுக்கு.

அதிர்ஷ்டத்துக்கும் எடமில்ல. மொத நகர்த்தல் எப்பவும் 1,5-ல இருந்து 0,4. நேத்து ஜெயிச்ச ஆட்டத்தையே இன்னைக்கும் ஆடுனா அச்சு மாறாம அதே பதில்தான் வரும். ஆர்தர் சாமுவேல் ஐபிஎம் மெஷின்ல எழுதுன செக்கர்ஸ் பத்தி 1959-லயே கட்டுரை போட்டாரு, அது ஆட ஆட இந்த மார்க்கையெல்லாம் தானே மாத்திக்கும். 2007-ல ஜொனாதன் ஷேஃபர் குழு, ரெண்டு பேரும் தப்பில்லாம ஆடுனா டிராதான்னு நிரூபிச்சே காட்டிட்டாங்க. அந்த நெனப்போட இதுகிட்ட வராதீங்க. ஆனா புரோகிராம் கத்துக்கற பசங்களுக்கு இதைக் குடுக்கலாம். எதிராளியோட மொத்த மூளையையும் மூணு தாள்ல படிச்சிரலாமே!

பெரிய கோளாறு ஒண்ணு இருக்குது. மெஷின் காய் நம்ம அடி வரிசைக்கு வந்து ராஜா ஆகும், ஆனா கெளம்புன கட்டத்துலயும் பழைய காய் அப்படியே நிக்கும். ஒண்ணு ரெண்டாயிரும். அன்னைக்கு நான் ஏதோ ஒரு வரியை விட்டுட்டு வாசிச்சேன்னு அவன் என்னைத் திட்டுன திட்டு இன்னும் காதுல இருக்குது. கோளாறு புரோகிராமோட 1240-ஆம் வரியில. தாள்லயே அப்படித்தான் அச்சாயிருக்குது.

ஞாயித்துக்கெழமை அவனுக்கு போன் போட்டேன். "மாப்ள, அந்த ரெட்டைக் காய் என் தப்பில்லடா."

"எந்தக் காய்டா? நான் இங்க மஞ்சளை வேக வெச்சுட்டு நிக்கறேன்."

"செரி, நீ காயைப் பின்னால நகத்துனது?"

"அப்பறம் கூப்படறேன்"னு வெச்சுட்டான்.